ஜிப்சம் பூச்சும் தீத்தடுப்பும்

நிலக்கடலை பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு ஜிப்சம் என்பது புதிய பெயரன்று. விதைத்த நாற்பது, நாற்பத்தைந்து நாட்களில் செடிக்கு மண் அணைக்குங்கால் ஹெக்டேருக்கு 400 கிலோ என்னும் அளவில் அதனை இடுகிறோம். காய் திரட்சியாகப் பிடிப்பதற்கு வேண்டிய சுண்ணச் சத்தும் கந்தகமும் அதிலிருந்து கிடைக்கின்றன. களர் நிலத்தைத் திருத்துவதற்கும் அதுவே மருந்து. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிற் காணும் எழுதுகட்டி பெரும்பாலும் அதனால் ஆனதே. கால் முறிந்தவருக்கு மருத்துவமனையில் போடப்படும் மாவுக்கட்டும் அதன் மறுவடிவமேயாகும். இவ்வளவு பழகிய பொருள், கட்டடத்தை நெருப்பினின்று காப்பதிலும் வல்லது என்பதை நம்மில் பலர் அறிந்திலர். கூட்டுறவு ஆய்வாளனாகிய நானும் நெடுநாள் அறிந்திருக்கவில்லை. அறிய நேர்ந்த சந்தர்ப்பம் மகிழ்ச்சிக்குரியதன்று.

சில ஆண்டுகளுக்கு முன், என் பார்வையிலிருந்த கைத்தறி நெசவாளர் சங்கமொன்றில் இரவில் தீப்பற்றியது. சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. பழைய ஓட்டு வீடொன்றை வாடகைக்கு எடுத்து, பெரிய கூடத்தை மரப்பலகையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் நூல் சிப்பங்களும் விற்பனைக்கு வந்த துணியும், மறுபக்கம் அலுவலகமும் வைத்திருந்தனர். நூல் அறையின் மின்கம்பியில் தோன்றிய நெருப்பு பலகைத் தடுப்பைத் தின்று அலுவலகத்துள் நுழையப் பதினைந்து நிமிடங்கூடப் பிடிக்கவில்லை என்று எதிர்வீட்டார் கூறினர். தீயணைப்பு வண்டி தாலுகாத் தலைநகரிலிருந்து வரவேண்டும். அது நாற்பத்தைந்து நிமிடத்தில் வந்தது. இரவு நேரத்து ஒற்றை வழிப் பாதையில் அது தாமதமென்று சொல்வதற்கில்லை.

நூலும் துணியும் போனது நஷ்டந்தான்; எனினும் அதற்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. உண்மையான இடி மறுநாள் காலையில் தெரிந்தது. ஒப்படைப்புப் பதிவேடும் கூலிப் பட்டியலும் சாம்பலாகிவிட்டன. கணினி உருகிவிட்டது, அதன் நகல் அடங்கிய சிறு கருவியோ, அதே மேசையின் இழுப்பறையில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது! வாசலில் பாஸ் புத்தகத்துடன் அங்கத்தினர்கள் நின்றனர். வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் முந்திய நாள் மாலை நான்கு சேலைகளை ஒப்படைத்திருந்தார். பதிவேட்டில் எழுதியாயிற்று, பாஸ் புத்தகத்தில் நாளை எழுதித் தருகிறோம் என்று அனுப்பியிருக்கின்றனர். அந்த நான்கு சேலைகளுக்குச் சாட்சி அவருடைய சொல் ஒன்றுதான். அவரைப் போல் இன்னும் பதினோரு பேர். சங்கத்தின் தலைவர் அவர்கள் சொல்லை ஏற்று, நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றிக் கூலி வழங்கினார். ஆனால் அதற்கு ஐந்து மாதங்கள் சென்றன.

நான் மறக்க விரும்பினும் மறக்கவியலாத செய்தி ஒன்றுண்டு. அதற்கு முந்திய ஆண்டு அதே பலகைத் தடுப்பின் ஓரமாக நாற்காலியிட்டு அமர்ந்துதான் நான் இருப்பைச் சரிபார்த்தேன். சிப்பம் இரண்டு குறைகிறதென்று ஆய்வறிக்கையில் எழுதினேன். தடுப்பு மரத்தாலானது என்று எழுதத் தோன்றவில்லை.

அதன் பின்னரே தீத்தடுப்புப் பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் நம் சங்கங்களுக்குக் கைக்கெட்டும் செலவில் பயன்படத்தக்கதாக எனக்குத் தோன்றியது ஜிப்சம் பூச்சு. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் காண்போம்.

ஜிப்சம் என்பது ரசாயன முறையில் கால்சியம் சல்பேட் எனப்படும் உப்பு. ஆனால் தனி உப்பன்று. ஒவ்வொரு மூலக்கூறு கால்சியம் சல்பேட்டோடும் இரண்டு மூலக்கூறு நீர் படிகத்திற்குள் பிணைக்கப்பட்டிருக்கிறது. எடையில் இந்நீர் நூற்றுக்கு 21 பங்கு ஆகும். கையால் தொட்டால் கல் போல் உலர்ந்திருக்கும். பிழிந்தால் ஒரு சொட்டும் வராது. ஆயினும் ஐந்தில் ஒரு பங்கு நீர். பிரெஞ்சு விஞ்ஞானியான லவாசியே 1765-ஆம் ஆண்டில், தம் இருபத்தோராம் வயதில், பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் படித்த முதற் கட்டுரை இதைப் பற்றியதே. ஜிப்சத்தைச் சூடாக்கினால் வெளிப்படுவது நீரே என்பதையும், சுட்ட தூளில் நீரூற்றினால் இழந்ததைத் திரும்பப் பெற்று அது இறுகுகிறது என்பதையும் அவர் காட்டினார்.

ஜிப்சத்தைச் சுமார் 120 முதல் 150 டிகிரி வரை வறுத்தால் அதன் நீரில் முக்கால் பங்கு ஆவியாகிப் போகும். எஞ்சும் வெண்மையான தூளே பிளாஸ்டர் ஆப் பாரிஸ். பாரிஸ் சாந்து என்று தமிழில் வழங்குவர். இத்தூளை நீர் விட்டுக் குழைத்துப் பூசினால் சில நிமிடங்களில் சற்றே சூடேறி இறுகிவிடுகிறது. இறுகிய பூச்சு மீண்டும் ஜிப்சமே. ஆகவே சுவரில் பூசியிருப்பது உலர்ந்த சாந்து மட்டுமன்று. நீரைப் பூட்டி வைத்த சாந்து.

இப்போது அச்சுவரின் ஒரு முகத்தில் நெருப்புப் படுகிறது என்று கொள்வோம். அம்முகத்திலுள்ள ஜிப்சம், சூளையில் நிகழ்ந்தது போலவே தன் நீரை விடத் தொடங்குகிறது. ஒரு கிராம் கொதிநீரை ஆவியாக்க 540 கலோரி வெப்பம் வேண்டும். படிகத்தின் பிணைப்பிலிருந்து நீரைப் பிரிப்பதற்கு அதற்கு மேலும் வெப்பம் வேண்டும். இவ்வளவையும் நெருப்பு செலவிட்டாக வேண்டும். அடுப்பிலுள்ள பாத்திரத்தில் நீர் இருக்குமட்டும் பாத்திரம் சிவக்கக் காய்வதில்லை அன்றோ? அதைப் போலவே பூச்சின் உட்பகுதியில் நீர் தீருமட்டும், அதன் பின்புறம் ஏறத்தாழ நீரின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். மரமோ சுமார் 250 டிகிரிக்கு மேற்பட்டுத்தான் கருகத் தொடங்குகிறது. எனவே பூச்சுக்குப் பின்னாலுள்ள மரம் எரிவதற்கு, பூச்சு முழுவதும் வறண்டாக வேண்டும்.

இந்நீரின் அளவு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தேன். கணக்குப் பார்ப்பது எங்கள் தொழிற்பழக்கம்; வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். 15 மில்லிமீட்டர் கனமுள்ள பூச்சு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ எடை வரும் என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 21 பங்கு என்றால் மூன்று லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர். பத்தடி நீளமும் பத்தடி உயரமும் உள்ள சுவரின் ஒரு பக்கத்தில் 28 அல்லது 29 லிட்டர். கிட்டத்தட்ட இரண்டு குடம். நெருப்பைக் கண்டவுடன் யாரும் ஓடிவந்து இறைக்க வேண்டாமல், எந்த இடத்தில் வெப்பம் தாக்குகிறதோ அந்த இடத்தில், தாக்கும் வேகத்திற்கேற்ப அந்நீர் வெளிப்படுகிறது. நள்ளிரவிலும் விழித்திருக்கும் காவலாள் இவ்விரண்டு குடம்.

இவ்வுண்மையின் ரசாயனம் தெரிவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னதாகவே அதன் பயனை அறிந்த நகரம் பாரிஸ். 1666-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் லண்டன் மாநகரில் ரொட்டிக் கடையொன்றில் பிடித்த தீ நான்கு நாட்கள் எரிந்து, சுமார் 13,200 வீடுகளையும் 87 ஆலயங்களையும் அழித்தது. லண்டன் வீடுகளிற் பெரும்பாலானவை மரச்சட்டத்தாலானவை. பாரிஸ் நகரத்து வீடுகளும் அவ்வாறே. கடல் கடந்து வந்த இச்செய்தி பிரெஞ்சு அரசைச் சிந்திக்கச் செய்தது. மறு ஆண்டாகிய 1667-இல், பதினான்காம் லூயி மன்னரின் ஆட்சியில், மர வீடுகளின் மீது பட்டிகளை ஆணியடித்து அவற்றின் மேல் சாந்து பூசி மூட வேண்டும் என்று ஆணை பிறந்தது.

லண்டனில் செங்கல்லாலும் கருங்கல்லாலும் கட்டுமாறு சட்டம் வந்தது. அங்கே எரிந்துபோன நகரைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. பாரிஸில் வீடுகள் நின்றுகொண்டிருந்தன. நிற்கும் வீட்டை இடித்துவிட்டுக் கல்லால் கட்டு என்றால் எத்தனை குடும்பம் கட்டும்? பூச்சோ குறைந்த செலவில் முடியும். அன்றியும் அந்நகரத்தின் மோன்மார்த்ர் குன்றின் வயிற்றிலேயே ஜிப்சம் அடுக்கடுக்காகக் கிடந்தது. பாரிஸ் சாந்து என்னும் பெயருக்குக் காரணமும் அதுவே. இன்றும் அந்நகரத்துப் பழைய தெருக்களில் கல்வீடு போல் தோன்றும் சில வீடுகளின் பூச்சுக்குள் மரச்சட்டங்கள் இருக்கின்றன. நம் சங்கங்களின் நிலையும் அக்காலத்துப் பாரிஸ் நிலையே என்பது என் எண்ணம். புதுக்கட்டடம் கட்டும் சங்கம் அதற்கேற்ற விதிகளைப் பின்பற்றட்டும். பழைய வாடகை வீட்டில் மரத்தடுப்போடு காலங்கழிக்கும் சங்கத்திற்கு எது இயலுமோ அதையன்றோ முதலில் சொல்ல வேண்டும்?

ஜிப்சம் பூச்சு எரியாது. ஆனால் என்றென்றும் தாங்காது. அது அளிப்பது காலம். இவ்வளவு கனத்திற்கு இவ்வளவு நிமிடம் என்று சோதனை செய்தே கூறுவர். சுவரின் மாதிரியொன்றைச் சூளையின் வாயில் பொருத்தி நெருப்பிடுவர். உலக நாடுகள் பலவும் பின்பற்றும் முறைப்படி சூளையின் வெப்பம் 5 நிமிடத்தில் 576 டிகிரிக்கும், 30 நிமிடத்தில் 842 டிகிரிக்கும், ஒரு மணி நேரத்தில் 945 டிகிரிக்கும் ஏற்றப்படும். சுவரின் மறுபுறத்து வெப்பம், தொடக்கத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 140 டிகிரி உயரும்வரையில், அல்லது சுவர் பிளந்து சுவாலை புகும்வரையில் எத்தனை நிமிடம் சென்றதோ அதுவே அச்சுவரின் தாங்குகாலம். மரச்சட்டத்தின் இருபுறமும், கண்ணாடி இழை கலந்த 15.9 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகையை ஒவ்வோர் அடுக்கு முறைப்படி அறைந்த தடுப்புக்கு அமெரிக்காவில் ஒரு மணி நேரத் தாங்குகாலம் கொடுக்கிறார்கள்.

நான் மேலே சொன்ன சங்கத்தில் தீயணைப்பு வண்டி வர நாற்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. பலகைத் தடுப்பு தந்தது பதினைந்து நிமிடம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள முப்பது நிமிடத்தில்தான் அந்தப் பன்னிருவரின் கூலிக்கணக்கு எரிந்தது.

கனம் கூடினால் தாங்குகாலம் கூடும் என்பது யாவரும் ஊகிக்கக்கூடியதே. ஊகத்திற்கு அப்பாற்பட்ட செய்தியொன்றை 1965-இல் கனடா நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த ஹார்மதி என்பவர் விதியாக எடுத்துரைத்தார். இரண்டு அடுக்குகள் தனித்தனியே எத்தனை நிமிடம் தாங்குமோ அவற்றைக் கூட்டினால் வருவதைவிட, சேர்த்து வைத்த அடுக்கு தாங்கும் காலம் அதிகம் என்பதே அது. எனவே பணம் கொஞ்சமாக இருக்கும் சங்கம், எல்லாச் சுவரிலும் மெல்லிய பூச்சு பூசுவதைவிட, முக்கியமான ஒரு தடுப்பில் இரண்டு அடுக்கு வைப்பது மேல்.

பூச்சு எவ்வாறு தோற்கிறது என்பதையும் அறிந்திருத்தல் நலம். நீர் முழுவதும் போனபின் எஞ்சும் தூள் சுருங்குகிறது, சுருங்கினால் வெடிக்கிறது, வெடித்தால் உதிர்கிறது. பட்டியில் பிடிப்பு இல்லாத பூச்சு அதற்கு முன்னரே பாளம் பாளமாக விழுந்துவிடும். இதனால்தான் பண்டைக் கொத்தர்கள் சாந்தில் குதிரை மயிர் போன்றவற்றைக் கலந்தனர். நம் நாட்டில் தேங்காய் நார் கலப்பதுண்டு. ஆலைப் பலகைகளில் இப்போது கண்ணாடி இழை சேர்க்கிறார்கள். நாரும் இழையும் நெருப்பை எதிர்ப்பதில்லை. வறண்ட பூச்சை இன்னும் சிறிது நேரம் விழாமல் பிடித்து நிறுத்துகின்றன. நெய்பவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பாவு அறுந்தால் ஊடை மட்டும் துணியாகாது.

இரும்பு எரியாது, ஆகையால் இரும்புத் தூணும் கர்டரும் உள்ள கிட்டங்கிக்கு அச்சமில்லை என்று எண்ணுவாரும் உளர். இது தவறு. இரும்பு 550 முதல் 600 டிகிரி வெப்பத்தில் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். சூளைக் கணக்கின்படி அவ்வெப்பம் அறையில் உண்டாவதற்கு ஐந்து நிமிடம் போதும். பஞ்சுப் பேல்கள் எரியும் கிட்டங்கியில் கர்டர் வளைந்து கூரையையும் சுவரையும் தள்ளிக்கொண்டு விழுவது இதனாலேயே. அத்தகைய கர்டரைச் சுற்றியும் வலைகட்டி ஜிப்சம் பூசுவதுண்டு. ஆனால் ஈரமான ஜிப்சம் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்; முதலில் துருத்தடுப்பு வர்ணம் பூசிய பிறகே சாந்து பூச வேண்டும்.

இனி, அங்கத்தினர் கல்வி வகுப்பொன்றில் விவசாயி ஒருவர் கேட்ட கேள்வி. "ஏன் சார், கடலைக்குப் போட்டது போக வீட்டில் இரண்டு மூட்டை கிடக்கிறது, அதையே குழைத்துப் பூசிவிட்டால் ஆகாதா?" என்றார். வகுப்பில் சிரித்தார்கள். கேள்வியோ நல்ல கேள்வி. ஆகாது என்பதே விடை. உரக்கடையில் வாங்கும் ஜிப்சம் சுடாத தூள். அதன் நீர் ஏற்கெனவே முழுமையாக இருப்பதால், நீர் ஊற்றினால் சேறாகுமேயன்றி இறுகாது. வீட்டு அடுப்பில் வறுத்துப் பார்க்கலாம் என்ற முயற்சியும் வேண்டாம். வெப்பம் குறைந்தால் பாதி வேகும். மிகுந்தால் செத்த சாந்தாகிவிடும். மேலும் சந்தைக்கு வரும் விவசாய ஜிப்சத்தில் ஒரு பகுதி சுரங்கத்திலிருந்து வருவதன்று; பாஸ்பேட் உர ஆலைகளின் துணைப்பொருள். அதில் அமிலக் கழிவும் வேறு அசுத்தங்களும் இருக்கக்கூடும். ஆலையில் தூய்மை செய்யாமல் சுவருக்கு உதவாது. தூய்மை செய்தால் உதவும் என்பதற்குச் சான்றுண்டு. அத்தகைய ஜிப்சத்தோடு கண்ணாடி இழை சேர்த்து வார்த்த பெரும்பலகைகளைக் கொண்டே சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் 2013-இல் மாதிரி வீடொன்று கட்டப்பெற்றது. சுரங்க ஜிப்சத்தில் பெரும்பகுதி நமக்கு ராஜஸ்தானிலிருந்து வருகிறது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் களிமண் அடுக்குகளிலும் சிறிது கிடைக்கிறது.

ஜிப்சத்தின் பெருங்குறை நீர். ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராமுக்குச் சற்று மேற்பட்ட ஜிப்சம் கரையும். அற்பமென்று தோன்றும்; ஆனால் மழைச்சாரலோ கசியும் ஓடோ ஆண்டுக்கணக்கில் நனைத்தால் பூச்சு மென்மையாகிப் பொரிந்து போகும். ஆகவே வெளிச்சுவருக்கும், சாயப்பட்டறைக்கும், பாவு நனைக்கும் இடத்திற்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கெல்லாம் சுண்ணாம்புச் சாந்தோ சிமெண்டோதான் தக்கது. அவையும் எரிவதில்லை, ஆனால் அவற்றின் பூட்டிய நீர் ஜிப்சத்தில் உள்ளது போன்றதன்று. சிமெண்டுப் பூச்சு கடும் வெப்பத்தில் வெடித்துச் சிதறுவதும் உண்டு. உலர்ந்த உட்சுவர், தடுப்பு, உட்கூரை ஆகிய மூன்றுமே ஜிப்சத்திற்குரிய இடங்கள்.

ஓலைக்கூரைக்கு இது மாற்றுமன்று. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட நெருப்பு ஓலைக்கூரையைப் பற்றி எரிந்தது என்பதை நாம் அறிவோம். தறிக்கூடத்தின் மேல் இன்னும் ஓலை இருக்குமாயின், பூச்சைப் பற்றிப் பேசும் முன்பு ஓலையைப் பற்றிப் பேச வேண்டும்.

சங்கத்தார் எங்கே தொடங்குவது? என் அபிப்பிராயத்தில் பதிவேட்டு அறையில். சரக்குக்கு இன்ஷூரன்ஸ் ஈடு தரும். கணக்குக்கு யாரும் ஈடு தர இயலாது. நூல் அறைக்கும் அலுவலகத்துக்கும் இடையிலுள்ள தடுப்பை முதலில் பாருங்கள். மரப்பலகையாயின், எடுத்துவிட்டுச் செங்கற்சுவர் வைக்க முடியுமானால் அதுவே உத்தமம். வாடகை வீட்டில் வீட்டுக்காரர் இசையாவிட்டால், பலகையின் இருபுறமும் மரப்பட்டிகளைக் குறுக்காக அறைந்து, கம்பிவலை இழுத்துக்கட்டி, நார் கலந்த பாரிஸ் சாந்தை 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பூசலாம், அல்லது 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகையை இரண்டு அடுக்காக, ஓரடுக்கின் இணைப்பு மற்றோரடுக்கின் இணைப்பின்மேல் வராதவாறு அறையலாம். இணைப்புகளையும் ஆணித்தலைகளையும் சாந்தால் மூட வேண்டும். ஜிப்சம் பலகை என்று கேட்டு வாங்குவது அவசியம். அலங்கார உட்கூரைக்கென்று கடையில் விற்கும் தெர்மோகோல் அட்டையும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அது நெருப்புக்கு உணவு.

ஓட்டு வீடுகளில் நான் அடிக்கடி காணும் குறையொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தடுப்பு ஆள் உயரத்திற்கோ உத்திரத்தின் மட்டத்திற்கோ எழும்பி நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கைமரங்களுக்கும் ஓட்டுக்கும் அடியில் முழு வீடும் ஒரே வெளி. காற்றோட்டத்திற்கு நல்லதுதான். ஆனால் தீயும் புகையும் முதலில் மேலே செல்வன; அவ்வழியே தடுப்பைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். கீழே இரண்டு மணி நேரம் தாங்கும் சுவர் வைத்தும் பயனில்லை. தடுப்பு ஓட்டின் அடிப்பாகம் வரை சென்று முட்ட வேண்டும். அல்லது பதிவேட்டு அறைக்குத் தனியே ஜிப்சம் உட்கூரை இடவேண்டும். உட்கூரை இட்டால் அதன் மேல் பஞ்சுத்தூசி படியும். ஆண்டுக்கு இரு முறையாவது ஏறிப் பெருக்க ஒருவரை அமர்த்துங்கள். அங்கே மின்கம்பி ஓடுமானால் குழாய்க்குள் ஓடட்டும்.

கதவும் அவ்வாறே. தாங்குகாலம் ஒரு மணி நேரமுள்ள தடுப்பில் மெல்லிய பிளைவுட் கதவு மாட்டினால் தடுப்பின் பெறுமானம் கதவின் பெறுமானமே. கனத்த மரக்கதவு, அதன் இருபுறமும் தகடு. இரவில் சாத்தியிருத்தல் இன்றியமையாதது. சுவிட்சுப் பெட்டிக்காகவும் கம்பிக்காகவும் போடும் துளைகளைப் பற்றித் தனியாகவே ஓர் அத்தியாயம் எழுதலாம். கட்டைவிரல் நுழையும் துளை போதும். சூடான புகை அழுத்தத்தோடு அதன் வழியே பாய்ந்து மறுபுறத்துக் காகிதத்தைப் பற்றவைக்கும். கம்பி இழுத்தபின் எஞ்சும் இடைவெளியை ஒரு கைப்பிடி பாரிஸ் சாந்து குழைத்து அடைப்பது ஐந்து நிமிட வேலை. இவ்வேலையைச் செய்யாமல் போகிறவர் பெரும்பாலும் மின்பணியாளர். அடைத்தாரா என்று பாராமல் பணம் கொடுப்பவர் நாம்.

பூச்சின் மேல் எண்ணெய் வர்ணத்தை ஆண்டுதோறும் அடுக்குவதும், பளபளக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவதும் கூடாது. சுண்ணாம்பு வெள்ளையோ சாதாரண டிஸ்டெம்பரோ போதும்.

கடலையும் பஞ்சும் சாக்கும் வைக்கும் விற்பனைச் சங்கக் கிட்டங்கிகளுக்கு இன்னும் ஒரு சொல். பஞ்சுப் பேலின் உள்ளே கனலும் நெருப்பு வெளியே தெரியாமல் நாட்கணக்கில் இருக்கக்கூடும். ஒரு கூடத்தில் தீ அணைந்துவிட்டதென்று நம்பி, அங்கிருந்த பேல்களை அடுத்த கூடத்திற்கு மாற்றுவது, தடுப்புச் சுவர் காத்துத் தந்த சரக்கை நாமே கொண்டுபோய் நெருப்பிடம் கொடுப்பதாகும். எரிந்த பேல் வெட்டவெளியில் கிடக்கட்டும்.

மேலே சொன்ன நெசவாளர் சங்கம் இப்போது வேறு வீட்டில் நடைபெறுகிறது. நூல் அறைத் தடுப்பின் இருபுறமும் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை அறைந்து, ஓட்டின் அடிவரை கொண்டுசென்று முட்டியிருக்கிறார்கள். கணினி நகல் வாரந்தோறும் தலைவர் வீட்டுக்குப் போகிறது. ஒப்படைப்பைப் பதிவேட்டில் எழுதுமுன் பாஸ் புத்தகத்தில் எழுதுவது என்னும் வழக்கத்தையும் மேற்கொண்டிருக்கிறார்கள். இது அந்த அம்மையார் பொதுக்குழுவில் எழுந்து நின்று கேட்டுப் பெற்றது. சென்ற முறை நான் ஆய்வுக்குச் சென்றபோது இருப்புச் சரியாக இருந்தது. ஆனால் தடுப்பின் மேல்மூலையில் இணையதளக் கம்பி இழுப்பதற்காகப் புதிதாக ஒரு துளை போட்டிருந்தனர். கம்பியைச் சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி. அறிக்கையின் முதற் பத்தியில் அதைத்தான் எழுதினேன்.